68 கிராம் கம்பு

சமையலறைத் தராசில் வைத்தேன். 68 கிராம் காட்டியது. கேக் மாவு நிறுக்க என் மனைவி வாங்கிய தராசு அது. கம்பு நீளமாக இருந்ததால் இரண்டு துண்டாகக் கழற்றிக் குறுக்கே வைத்து, ஆடாமல் விரலால் ஒரு கணம் தாங்கி விட்டுத்தான் எடை பார்க்க முடிந்தது.

"ஒரு கேரட் வெயிட்டுதான் இருக்கு. இதுக்கா அவ்ளோ காசு குடுத்தீங்க?" என்றாள்.

ஆறரை அடி கண்ணாடியிழைக் கம்பு. ஃப்ளை ராட் என்பார்கள். மூன்றாம் நம்பர் லைனுக்கு ஆனது. வர்ஜீனியாவின் புளூ ரிட்ஜ் மலையில், ஷெனன்டோவா தேசியப் பூங்காவுக்குள் ஓடும் சிற்றோடைகளில் டிரௌட் மீன் பிடிப்பதற்கென்றே வாங்கியது. பிடிப்பது என்றால் பிடிப்பது மட்டும்தான். பிடித்ததை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். இதை முதல்முறை தொலைபேசியில் சொன்னபோது சேரன்மகாதேவியிலிருந்து அம்மா கொஞ்ச நேரம் பேசவேயில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"ஏலே, பிடிச்சத விட்டுட்டு வாறதுக்கா அம்புட்டுத் தூரம் போற?"

அம்மாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. நான் தூண்டில் கற்றது தாமிரபரணிப் படித்துறையில், சித்தப்பாவிடம். ஒரு மூங்கில் கம்பு, தங்கூசி, துளி ஈயம், முள்ளில் கோத்த நாக்குப்பூச்சி. தக்கைக்கு மயிலிறகுத் தண்டு. ஒடங்காட்டில் கிடந்து பொறுக்கிய இறகின் மயிரையெல்லாம் உருவி எறிந்துவிட்டு, வெள்ளைத் தண்டை விரல்நீளத்துக்கு நறுக்கி வைத்துக்கொள்வார். அது தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும். கெண்டை கொத்தினால் இரண்டு தரம் நடுங்கும், கெளுத்தி என்றால் ஒரேயடியாக முங்கும். வெயில் ஏறுவதற்குள் தூக்குச்சட்டியில் குழம்புக்கு ஆகிவிடும். விடுவது என்ற பேச்சே கிடையாது. ரொம்பப் பொடிசாக இருந்தால் எதிர்க்கரையில் தவம் கிடக்கும் கொக்குக்குப் போகும்.

வர்ஜீனியாவுக்கு வந்து, ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் வீடு எடுத்த பிறகு, பர்க் ஏரிக்குப் போய் மண்புழு வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை நான் கிளம்புவதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் பெரியவர் தெருவைக் கடந்து வந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அப்போதே எழுபதைத் தாண்டியிருந்தார். "புழுவைக் கீழே போடு, உன்னை மலைக்குக் கூட்டிப்போகிறேன்" என்றார். உற்சாகத்தில் அன்றைக்கே ஒரு கடைக்குப் போய், விற்பனைப் பையன் எடுத்துக் கொடுத்த ஒன்பது அடி, ஐந்தாம் நம்பர் கம்பை வாங்கிவிட்டேன். "எல்லாத்துக்கும் ஆகும்" என்றான். ஆகும்தான், ஆறுகளுக்கு. பெரியவர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் அப்படித்தான். மனிதன் தானாக இடித்துக்கொண்டு கற்கட்டும் என்று விட்டுவிடுவார்.

பூங்காவுக்குள் போகும் ஸ்கைலைன் டிரைவ் என்ற மலைச்சாலையில் மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக் கூடாது. கரடி குறுக்கே வரும், மான் குறுக்கே வரும், நின்று படம் எடுக்கிறவர்கள் எல்லாரையும்விட அதிகமாகக் குறுக்கே வருவார்கள். மைலம் கேப்பில் வண்டியை நிறுத்திவிட்டு, மில் பிராங் என்ற ஓடையை ஒட்டிக் கீழே இறங்கினோம். நான் மனதில் வைத்திருந்தது சினிமாவில் வரும் டிரௌட் ஆறு: விரிந்த தண்ணீர், தலைக்கு மேல் வட்டமிடும் நீண்ட நூல். அங்கே இருந்தது ஒரு வண்டித்தட அகலத்துக்கு ஓடை. இரண்டு பக்கமும் மௌன்டன் லாரல் புதர். மேலே கிளைகள் கைகோத்துக்கொண்டு கூரை போட்டிருந்தன. ஆசியாவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி இந்த மலையின் ஹெம்லாக் மரங்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றுபோட்டிருக்கிறது. விழுந்த அடிமரங்கள் ஓடைக்குக் குறுக்கே பாலம் மாதிரி கிடந்தன.

அன்று நான் பிடித்தவை: லாரல் ஏழெட்டு, மேப்பிள் நான்கு, என் தொப்பி ஒன்று. ஒன்பது அடிக் கம்பைப் பின்னால் ஓங்கவே இடமில்லை. ஒவ்வொரு முறையும் நூலை விடுவிக்கப் புதருக்குள் நுழைந்தேன். அந்தச் சத்தத்தில் குட்டையில் இருந்த மீனெல்லாம் கல்லுக்கடியில் போய்விட்டது. மூன்று மணி நேரம் கழித்துத்தான் பெரியவர் தன் கையிலிருந்ததை என்னிடம் நீட்டினார். தேன் நிறத்தில் ஒரு குட்டைக் கம்பு. கையில் வாங்கியதும், காலிக் கையை ஆட்டிப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

ஏன் இந்தக் கம்பு, ஏன் இந்த நம்பர் என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் மீதிக் கதை விளங்காது. சித்தப்பாவின் தூண்டிலில் எறியப்படுவது ஈயம், நூல் அதன் பின்னால் போகும். இந்த வகையில் அது தலைகீழ். முள்ளில் கட்டியிருப்பது கொஞ்சம் மயிரும் இறகும் சுற்றிச் செய்த போலி ஈ. ஊதினால் பறக்கும், அதை எறிய முடியாது. அதனால் எடையை நூலிலேயே வைத்துவிட்டார்கள். தடித்த, பூச்சுப் பூசிய நூல். அதன் கனம் பின்னால் போய்க் கம்பை வளைக்கும், கம்பு நிமிரும்போது நூல் முன்னால் விரியும், நுனியில் ஈ போகும். நம்பர் என்பது நூலின் முதல் 30 அடியின் எடை. ஐந்தாம் நம்பர் என்றால் 140 கிரெய்ன், ஏறத்தாழ ஒன்பது கிராம். மூன்றாம் நம்பருக்கு 100 கிரெய்ன், ஆறரை கிராம். ஒன்றாம் நம்பருக்கு 60 கிரெய்ன், நான்கு கிராமுக்கும் சற்றுக் குறைவு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சிற்றோடையில் 30 அடி நூலை யார் வெளியே விடுகிறார்கள்? மீன் பதினைந்து அடியில் இருக்கிறது. கம்பின் நீளத்தையும், ஈக்கு முன்னால் கட்டும் மெல்லிய ஏழரை அடித் தங்கூசியையும் கழித்துவிட்டால், கம்பு நுனிக்கு வெளியே நிற்கும் கன நூல் சில அடிதான். அதன் எடை இரண்டு கிராம்கூட வராது. விறைப்பான கார்பன் கம்பு அந்த எடையை உணரவே உணராது, குச்சியாக நிற்கும். பழைய பாணிக் கண்ணாடியிழை அதற்கும் வளையும், மெதுவாக, அடிவரைக்கும். 1970களில் கார்பன் வந்து கண்ணாடியிழையை ஓரங்கட்டிய பிறகும், சிற்றோடைக்காரர்கள் அதைக் கைவிடாததற்கு இதுதான் காரணம். பெரியவருடையது அந்தக் காலத்துக்கு முந்தையது. கைப்பிடித் தக்கை அவர் பெருவிரல் பதிந்து குழிந்திருந்தது.

ஓங்க இடமில்லாத இடத்துக்கு அவர் காட்டிய வழி, நம்மூர்ப் பையன்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். ஈயை முள்ளின் வளைவில் இரண்டு விரலால் பிடித்து, பின்னுக்கு இழுத்து, கம்பு வில்லாக வளைந்ததும் விட்டுவிடுவது. உண்டிவில்லேதான். கிளைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் சந்து இருந்தாலும் அதற்குள் நுழைந்து போய் விழும். இரண்டாம் முயற்சியிலேயே எனக்கு வந்துவிட்டது. பெரியவர் புருவத்தை உயர்த்தினார். ஒடங்காட்டு ஓணான்கள்மீது எடுத்த பயிற்சி என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

டிரௌட் நீரோட்டத்தை எதிர்த்து மேல்பக்கம் பார்த்தபடி நிற்கும், அதனால் கீழிருந்து மேலாக ஏறிப்போக வேண்டும். முட்டி போட்டுப் போக வேண்டும். குட்டையின் வாலில், தண்ணீர் மெலிந்து வழிகிற இடத்தில், எப்போதும் ஒரு பொடியன் காவல் நிற்பான். அவனை மிரட்டிவிட்டால் அவன் ஓடிப்போய் ஊரையே கூட்டிவிடுவான். இப்படி ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கி, சாப்பாட்டு மேஜை அளவே இருந்த குட்டையின் தலையில் ஈயை விட்டேன். அது இரண்டு சாண் மிதந்து வந்திருக்கும். தண்ணீர் கொஞ்சம் கிழிந்தது. கம்பு நுனி தலையாட்டியது, பிறகு நடு, பிறகு என் உள்ளங்கைக்குள் கைப்பிடியே துடித்தது. ஏதோ பெரிய மீன் என்று நினைத்தேன்.

ஆறு அங்குலம். கையை நனைத்துக்கொள் என்றார் பெரியவர். உலர்ந்த கை பட்டால் மேலே இருக்கும் வழுவழுப்புப் போய்விடும், பிறகு புண் வரும். நனைத்துக்கொண்டு ஏந்தினேன். செதில் இருப்பதே தெரியாத உடம்பு, ஊறிய சோப்புக் கட்டி மாதிரி. முதுகில் பாசி நிறத்தில், புழு நெளிந்து போன தடம் போலக் கோலம். விலாவில் சிவப்புப் பொட்டுகள், ஒவ்வொரு பொட்டையும் சுற்றி நீல வளையம். அடித்துடுப்பு செம்மஞ்சள், அதன் முன்விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு, அதற்கும் வெளியே சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு கரை. நல்ல நெசவாளி கரை பிடித்த மாதிரி அவ்வளவு துல்லியம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "மூச்சு விடவிடு" என்றார். முள்ளில் எதிர்முள்ளை இடுக்கியால் அமுக்கிவிட்டிருந்ததால் லேசாகத் திருப்பியதும் கழன்றுகொண்டது. அது போனதைப் பார்க்கவில்லை. கையில் தண்ணீர் மட்டும் இருந்தது.

அது புரூக் டிரௌட். இந்தக் கிழக்கு மலைகளின் சொந்தக்காரன். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் நாம் டிரௌட் என்று பார்ப்பது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. இது பனி யுகம் முடிந்த நாளிலிருந்து இங்கேயே இருக்கிறது. (உயிரியல்காரர்கள் கணக்கில் இது டிரௌட்டே இல்லை, சார் என்ற உறவுக்கிளை. பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.) மூன்று நான்கு வருடம்தான் ஆயுசு. ஒன்பது அங்குலம் வந்துவிட்டால் அந்த ஓடையில் அது ஜமீன்தார்.

மில் பிராங்கும் லாரல் பிராங்கும் சேருமிடத்தில் ரேப்பிடன் ஆறு பிறக்கிறது. அங்கே மரத்தில் கட்டிய ஒரு பழுப்பு வீடு. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் 1929-இல் கட்டிக்கொண்டது. வாஷிங்டனிலிருந்து 100 மைலுக்குள், கொசு வராத 2,500 அடி உயரத்தில், டிரௌட் ஓடை பக்கத்தில் ஓர் இடம் வேண்டும் என்று தேடச் சொல்லி, நிலத்துக்குச் சொந்தப் பணம் கொடுத்து வாங்கினார். அந்த அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு வந்தபோது, இருவரும் ஓடைக்கரையில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துதான் போர்க்கப்பல்களைக் குறைப்பது பற்றிப் பேசினார்கள். எங்கள் மதியச் சாப்பாடும் அந்தக் கரையில்தான். பெரியவருக்கு எலுமிச்சைச் சாதம் பிடித்துப்போய், அதற்குப் பிறகு நான் வெறும் ரொட்டி கொண்டுபோனால் முகம் சுளிப்பார்.

அவர் 1995 ஜூன் வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவர். மலைச்சரிவே பெயர்ந்து ஓடைகளில் இறங்கியது. ரேப்பிடனில் வந்து சேரும் ஸ்டான்டன் என்ற சிற்றாற்றின் அடிப்பகுதியில், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. மேலே தப்பியவை இறங்கி வந்து, மூன்று வருடத்துக்குள் அந்த இடத்தை மறுபடி நிரப்பிவிட்டன. "நாமாக இருந்தால் நஷ்டஈடு கேட்டு எழுதிக்கொண்டிருப்போம்" என்பார். தபால்காரர் அல்லவா, மனுக்களைச் சுமந்த அனுபவம்.

அவரோடு முதன்முதலில் மலைக்குப் போன அந்த வருடமே எனக்கென்று ஒரு 68 கிராம் கம்பு வாங்கினேன். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எடை குறைவதில் ஒரு போதை இருக்கிறது. மூன்றாம் நம்பரில் ஆறு அங்குல மீன் இவ்வளவு துடித்தால் ஒன்றாம் நம்பரில் எப்படி இருக்கும்? அதற்குக் கீழேயும் படிகள் உண்டு. பூஜ்யம், இரட்டைப் பூஜ்யம், மூன்று பூஜ்யம் போட்ட கம்புகூடச் சந்தைக்கு வந்திருக்கிறது. மீனுக்குச் சமவாய்ப்பு கொடுக்கிறோம் என்று விளம்பரக்காரர்கள் எழுதுவார்கள். மீன் அப்படி விண்ணப்பித்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் ஒன்றாம் நம்பர் கம்பு ஒன்றை வாங்கி, அதற்கேற்ற 0.1 மில்லிமீட்டர் தங்கூசியும் வாங்கிக்கொண்டேன். தலைமுடி மாதிரி இருந்தது. பெரியவர் கம்பை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

மழை பொய்த்த ஒரு ஜூலைக் கடைசியில், தனியாகப் போனேன். ஹூவர் வீட்டுக்குக் கீழே ரேப்பிடனில் தண்ணீர் இளைத்து, குட்டைக்கும் குட்டைக்கும் நடுவே கூழாங்கல் வெளியே தெரிந்தது. ஒரு பெரிய பாறையின் நிழலில் ஈயைப் போட்டதும் எடுத்தது பத்து அங்குலம். என் வாழ்நாளில் அங்கே பிடித்ததில் அதுதான் பெரியது. நூல் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் இழுக்க முடியவில்லை. கம்பில் இழுக்கப் பலமும் இல்லை. அது பாறைக்கடியில் போனது, வந்தது, மறுபடி போனது. மூன்று நிமிடம் இருக்கும், அதிகமாகவும் இருக்கலாம். அந்த மூன்று நிமிடமும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஏந்தி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தேன். செவுள் திறந்தது, மூடியது. கையைத் தளர்த்தினேன். அது மெல்லச் சாய்ந்து வெள்ளை வயிற்றைக் காட்டியது. மறுபடி நிமிர்த்திப் பிடித்தேன். கால்மணி நேரம் தண்ணீரில் முட்டிபோட்டு அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது: தண்ணீர் என் முட்டியில் சில்லென்று இல்லை. ஏப்ரலில் எலும்பைக் குடைகிற அதே ஆறு, குளிக்கலாம் போல இருந்தது.

ரேப்பிடனில் பிடித்ததை எடுத்துப்போகச் சட்டத்தில் இடமில்லை. செத்ததையும்தான். அந்தப் பத்து அங்குலத்தைப் பாறை ஓரமாகத் தண்ணீரிலேயே வைத்துவிட்டு மலையேறினேன்.

அன்று இரவு அம்மாவிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மா திட்டவில்லை. "கொழம்புக்கும் ஆவாம, ஆத்துக்கும் ஆவாமப் போச்சே" என்று மட்டும் சொன்னாள்.

பெரியவரும் ஆறுதல் சொல்லவில்லை. மறுநாள் வந்து ஒரு சிறு வெப்பமானியை, கயிறு கட்டி, என் கையில் வைத்தார். முதலில் இதை நனை, பிறகு ஈயை நனை. தண்ணீர் சூடேற ஏற அதில் பிராணவாயு குறைகிறது, மீனுக்கோ அது அதிகம் தேவைப்படுகிறது. 68 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 20 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் புரூக் டிரௌட்டுக்கு அது திணறல். அப்போது அதை ஓடவிட்டு விளையாடுவது, காய்ச்சல்காரனை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வது. என் கம்பின் எடையும் 68 என்பது தற்செயல், ஆனால் அந்த எண் அதற்குப் பிறகு மறக்கவில்லை.

ஒன்றாம் நம்பர் கம்பை விற்றுவிட்டேன். வாங்கியவரிடம் காரணம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஐந்து அங்குலப் பொடியன்களுக்கு எந்தக் கம்பும் ஒன்றுதான், சட்டென்று கைக்கு வந்துவிடும். நல்ல மீன் ஒன்று எடுக்கும்போதுதான் கம்புக்குக் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும், மீனை அரை நிமிடத்தில் கொண்டுவந்து, அரை நிமிடத்தில் அனுப்பிவைக்க. இப்போது நூலும் 0.15 மில்லிமீட்டர்தான், அதற்குக் கீழே போவதில்லை. மெல்லிய நூலில் அதிக மீன் எடுக்கும் என்பார்கள். கொந்தளித்து விழும் மலை ஓடையில், பசியோடு இருக்கிற மீனுக்கு நூலைப் பார்க்க நேரமிருப்பதாக நான் நம்பவில்லை.

அம்மா ஒரு மே மாதம் வந்தாள். மைலம் கேப்பிலிருந்து மெதுவாக, பிக் ராக் அருவி வரைக்கும் அழைத்துப்போனேன். பாறையில் உட்கார்ந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு காலை நனைத்தாள். வெப்பமானி 54 ஃபாரன்ஹீட் காட்டியது. "பாணதீர்த்தத் தண்ணி கெட்டுச்சு" என்று காலை எடுத்துவிட்டாள். நான் ஈப்பெட்டியைத் திறந்து எதைக் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, எட்டிப்பார்த்து ஒன்றை நகத்தால் தொட்டாள். உடம்பில் பச்சையும் செம்பும் மின்னியது.

"மயிலெறகால்ல இருக்கு?"

மயிலிறகுதான். அமெரிக்காவில் மிகவும் பேர்போன ஈக்களில் பலவற்றின் உடம்பு மயிலிறகின் மயிரைச் சுற்றிச் செய்வதுதான். தண்ணீரில் அது மின்னுகிற மாதிரி வேறெதுவும் மின்னாது. மயிரை உருவிக்கொண்டு தண்டை எறிந்துவிடுவார்கள் என்றேன். அம்மாவுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. "ஒன் சித்தப்பன் தண்ட வச்சிக்கிட்டு மயிரத் தூரப் போட்டான்."

அன்று மூன்று மீன் கிடைத்தது. மூன்றாவதை விடுவதற்கு முன் அம்மா தன் கையை நனைத்துக்கொண்டு, நான் சொல்லாமலே, கொடு என்று நீட்டினாள். பெரியவர் இப்போது இல்லை. அவருடைய தேன் நிறக் கம்பு அவர் பேத்தியிடம் இருக்கிறது.

வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் இருக்கிற நம்மவர்கள் கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த மலைக்குப் போவதைப் பார்க்கிறேன். சிலர் கையில் புதுத் தூண்டிலும் இருக்கிறது. மாநில உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள், எதிர்முள்ளை அமுக்கிவிடுங்கள், கூடவே பத்து டாலர் வெப்பமானி ஒன்றும் எடுத்துப்போங்கள். ஓடையில் அது 68-ஐக் காட்டினால் கம்பைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு நடையைத் தொடருங்கள். மைலம் கேப்பிலிருந்து ஹூவர் வீட்டுக்கு இரண்டு மைல்தான் நடை, ஓடைக்கரையில் உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம்.